தொட்டுப் பார்க்காத விலை

எந்த ஊரில் போய் இறங்கினாலும், நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று விசாரித்த பிறகு நான் கேட்கிற அடுத்த கேள்வி, "இங்கே சந்தை என்றைக்கு?" என்பதுதான். கோயிலும் கோட்டையும் இன்று பார்க்காவிட்டால் நாளைக்கும் இருக்கும். சந்தை அப்படியல்ல, பொழுது சாய்ந்தால் கலைந்துவிடும். தவிரவும், கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு மனிதர்களைப் பார்ப்பது தொழில். மனிதன் எதையாவது விற்கும்போதும் வாங்கும்போதும் வெளிப்படுகிற மாதிரி வேறெங்கும் வெளிப்படுவதில்லை.

இப்போதெல்லாம் இந்தக் கேள்விக்கு வேறு ஒரு பதிலும் வருகிறது. "சந்தை இல்லை, ஸார். கைவினைக் கண்காட்சி நடக்கிறது. போய்ப் பாருங்கள், நன்றாக இருக்கும்" என்கிறார்கள். நானும் போகிறேன். பல வருஷங்களாகப் போய்க்கொண்டிருக்கிறேன். டில்லியில், உதயப்பூரில், ஹைதராபாத்தில், நம்முடைய சென்னையில் என்று எத்தனையோ பார்த்தாகிவிட்டது. நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் வெளியே வரும்போது மனசில் ஏதோ ஒரு குறை. நல்ல நடிகர்கள், நல்ல பாட்டு, நல்ல காட்சி ஜோடனை எல்லாம் இருந்தும் கதை இல்லாத நாடகத்தைப் பார்த்துவிட்டு வந்தால் ஏற்படுகிற குறை. அது என்ன என்பது எனக்கு வெகு நாள் விளங்கவில்லை. ஒரு பாய் விற்கிற அம்மாள் சொன்ன பிறகுதான் விளங்கிற்று. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சூரஜ்குண்டு என்ற பெயரைப் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். டில்லிக்குத் தெற்கே, ஹரியானாவின் ஃபரீதாபாத் ஜில்லாவில் இருக்கிறது. 1987-ம் வருஷம் தொடங்கி அங்கே கைவினை மேளா நடத்தி வருகிறார்கள். வழக்கமாக ஃபிப்ரவரி மாதத்தில். பெரும்பாலும் வருஷத்துக்கு ஏதாவது ஒரு ராஜ்யத்துக்கு முதல் மரியாதை. அந்த ராஜ்யத்துக் கோபுரமோ அரண்மனை வாசலோ தோரண வாயிலாக எழும்பும். 2013-ம் வருஷத்திலிருந்து அது சர்வதேச மேளாவாகவும் ஆகிவிட்டது. உள்ளே நுழைந்தால் மகுடியும் நகாராவும் காதைப் பிளக்கும். வரிசை வரிசையாகக் குடில்கள். பஸ்தரிலிருந்து வார்ப்பு யானைகள், சன்னபட்டணத்திலிருந்து அரக்குச் சாயம் ஏற்றிய மரப் பொம்மைகள், கச்சிலிருந்து அச்சுத் துணிகள், மதுபனியிலிருந்து சித்திரங்கள். பாரத தேசத்தைக் கால் வலிக்க ஒரே நாளில் சுற்றி வந்துவிடலாம். ஜனங்கள் அப்படித்தான் சுற்றுகிறார்கள்.

பக்கத்திலேயே அந்த இடத்துக்குப் பெயர் கொடுத்த குளம் இருக்கிறது. தோமர் வம்சத்து அரசன் சூரஜ்பால் பத்தாம் நூற்றாண்டில் வெட்டியதென்று சொல்வார்கள். ஆரவல்லிச் சரிவில் இறங்கி வருகிற மழைத் தண்ணீரைப் பிடித்து வைப்பதற்காக, அரைவட்ட வடிவத்தில், படிப்படியாகக் கல்லை அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக் கைவினை அது. நான் போன அன்று மேளாவில் தோளோடு தோள் உரசும் கூட்டம். குளத்தின் படிக்கட்டில் நானும் ஒரு நாயுந்தான் இருந்தோம். தண்ணீர் இல்லை. இதை ஒரு குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. கைவினையைப் பார்க்க வந்தவர்கள் எதைப் பார்க்கிறார்கள், எதைப் பார்ப்பதில்லை என்பதற்கு ஓர் அடையாளமாகச் சொல்கிறேன்.

மேளாவுக்குள் ஒரு குயவர் திகிரி சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றிலும் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு வெளியே முப்பது நாற்பது பேர், ஆளுக்கொரு கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. மண் எழும்பிற்று, கழுத்து ஒடுங்கிற்று, வாய் விரிந்தது. கை தட்டினார்கள். குயவர் பானையை நூலால் அறுத்து எடுத்தார். ஒரு கணம் பார்த்தார். திரும்பவும் பிசைந்து உருண்டையாக்கித் திகிரியில் வைத்தார். அடுத்த கூட்டத்துக்கு அடுத்த பானை. சுட்டெடுக்கப் போகிற பானை அல்ல அது, காட்டுவதற்கான பானை.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு 1886-ம் வருஷத்து லண்டன் நினைவுக்கு வந்தது. அந்த வருஷம் அங்கே குடியேற்ற நாடுகளும் இந்தியாவும் சேர்ந்த ஒரு பெரிய பொருட்காட்சி நடந்தது. ஐம்பது லக்ஷத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் பார்த்தார்கள். அதில் ஓர் அரண்மனை முற்றத்தை ஜோடித்து, இந்தியாவிலிருந்து முப்பத்து நான்கு தொழிலாளிகளைக் கொண்டுவந்து உட்கார்த்தி வைத்து, நெய்யவும் செதுக்கவும் வனையவும் சொன்னார்கள். பரம்பரைத் தொழிலாளிகள் என்று நினைத்துச் சீமை ஜனங்கள் வியந்தார்கள். அவர்களில் பலர் ஆக்ராச் சிறைச்சாலையில் கைதிகளாக இருந்து தொழில் கற்றுக்கொண்டவர்கள் என்பது சரித்திரம். அவர்களில் பக்ஷிராம் என்று ஒரு குயவர். நூற்றிரண்டு வயது என்று சொன்னார்கள். விக்டோரியா ராணியார் ருடால்ஃப் ஸ்வோபோடா என்ற ஓவியரை அமர்த்தி அவர் முகத்தை எழுதச் செய்தார். முகத்தை எழுதி வைத்தார்கள். அவர் செய்த பானை எங்கே போயிற்று என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சூரஜ்குண்டுக் குயவர் கைதி இல்லை. தம் இஷ்டப்படி வந்தவர், பக்கத்துக் குடிலில் சாமான் விற்றுப் பணத்தைத் தாமே வாங்கிக்கொள்கிறவர். இந்த வித்தியாசம் சாமான்யமானதல்ல. சுதந்திரத்தின் பொருளே இதில் பாதி அடங்கியிருக்கிறது. 1952-ல் அகில இந்தியக் கைத்தொழில் வாரியம் ஏற்பட்டு, கமலாதேவி சட்டோபாத்யாய அதன் தலைவியாக இருந்து பாடுபட்டதும் இந்த மாறுதலுக்காகத்தான். 1994-ல் டில்லியில் ஒரு சாக்கடைக் கால்வாயை மூடி, அதன்மேல் 'டில்லி ஹாட்' என்று நிரந்தரச் சந்தை அமைத்து, தொழிலாளிகள் முறை வைத்துக்கொண்டு சுமார் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை மாறி மாறி வந்து தாங்களே விற்கும்படி செய்ததும் இதற்காகத்தான். தரகர் இல்லாமல், செய்தவரும் வாங்குகிறவரும் முகத்தோடு முகம் பார்க்கட்டும் என்ற எண்ணம். நல்ல எண்ணம். தொழிலாளியின் நிலை மாறியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பார்க்கிறவனின் கண் மாறியிருக்கிறதா என்பதுதான் என் சந்தேகம்.

நம் ஊர்ச் சந்தையை நினைத்துப் பாருங்கள். பானை வாங்க வருகிற கிழவி ஒரு பானையைக் கையில் எடுத்தவுடன் விரல் கணுவால் தட்டுவாள். காதருகில் வைத்துக்கொண்டு இன்னொரு தட்டு. கணீரென்று கேட்டால்தான் விலை பேசுவாள். சத்தம் பிசகினால் குயவன் முகத்துக்கு நேராகவே, "இது வேகலை, எடுத்து வை" என்பாள். மணப்பாறை மாட்டுச் சந்தையில் மாட்டின் பல்லைப் பார்க்காமல், சுழி பார்க்காமல், நாலடி நடக்கவிட்டுப் பார்க்காமல் எந்தக் குடியானவனாவது துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவானா? அந்தக் கிழவியையும் குடியானவனையும் நான் விமரிசகர்கள் என்று சொல்வேன். அவர்களுக்கு அந்தப் பட்டம் வேண்டாம். ஆனால் குயவனின் கை தளர்ந்துபோகாமல் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்தது, கலையில் அவனுக்கிருந்த பக்தி மட்டுமல்ல. வாங்க வருகிறவளின் விரல் கணுவுந்தான்.

கண்காட்சியில் இல்லாதது இந்த விரல் கணு. வருகிறவர்களுக்குப் பானையில் சமைக்கிற உத்தேசம் இல்லை. அலமாரியில் வைக்கப் போகிற பானை வெந்திருந்தால் என்ன, வேகாவிட்டால் என்ன? ஆகையால் எல்லாவற்றையும் பார்த்து, "ஆஹா, எவ்வளவு அழகு!" என்கிறார்கள். எல்லாவற்றையும் பாராட்டுகிறவன் ஒன்றையும் பார்க்கவில்லை என்று அர்த்தம். இலக்கியத்தில் இருபது முப்பது வருஷங்களாக நான் கண்டு வருகிற விஷயம் இது. நல்ல கதையையும் மோசமான கதையையும் ஒரே வாயால் புகழ்கிற வாசகர் கூட்டத்தைப்போல ஓர் எழுத்தாளனைக் கெடுக்கக்கூடியது வேறொன்றும் இல்லை. திட்டினால்கூடத் தப்பித்துக்கொள்ளலாம்.

இன்னொரு குறையும் உண்டு. ஒவ்வொரு குடிலின் முகப்பிலும் ராஜ்யத்தின் பெயர் எழுதியிருக்கிறது. சாமானின் பெயரும் விலையும் சீட்டில் இருக்கின்றன. செய்தவர் பெயரைத் தேடினால் பெரும்பாலும் அகப்படுவதில்லை. "தஞ்சாவூர்த் தட்டு", "பஸ்தர் யானை". சரி, யார் செய்தது? "தமிழ் நாவல், விலை இருநூறு ரூபாய்" என்று அட்டையில் அச்சிட்டு, எழுதினவன் பெயரை விட்டுவிட்டால் நான் சும்மா இருப்பேனா?

இப்படியெல்லாம் சொல்வதால், கலை வேறு வியாபாரம் வேறு, கலையைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்ததே தப்பு என்ற கட்சியில் நான் சேர்ந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். அந்தக் கட்சிக்கு மதுபனி ஒன்றே பதில். மிதிலைப் பெண்கள் வீட்டுச் சுவரில், முக்கியமாகக் கல்யாண அறையில், எழுதி வந்த சித்திரங்கள் அவை. 1934-ல் பீஹார் பூகம்பத்தில் வீடுகள் இடிந்தபோது ஆர்ச்சர் என்ற ஆங்கில அதிகாரி உள்சுவர்களில் அவற்றைக் கண்டார். 1949-ல் 'மார்க்' பத்திரிகையில் அவற்றைப் பற்றி எழுதினார். பிறகு 1966-67-ல் பீஹாரில் கொடிய வறட்சி. அப்போது கைத்தொழில் வாரியத்தார் பாஸ்கர் குல்கர்னி என்ற ஓவியரை அனுப்பி, சுவரில் எழுதுவதைக் காகிதத்தில் எழுதுங்கள், விற்றுத் தருகிறோம் என்றார்கள். பசியிலும் வியாபாரத்திலுந்தான் காகித மதுபனி பிறந்தது.

பிறந்தது கெட்டுப் போயிற்றா? சிலவற்றில் கெட்டுத்தான் போயிற்று. ஒரே மீன், ஒரே மயில், ஒரே ராதாகிருஷ்ணர், ஆயிரக் கணக்கில். ஆனால் அதே காகிதத்தில் கங்கா தேவி என்ற அம்மையார் எழுதினார். சுவரில் எழுதின காலத்தில் அவர் யாரோ ஒரு வீட்டுப் பெண். காகிதம் வந்த பிறகு அவர் கங்கா தேவி. 1984-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1985-ல் அமெரிக்காவில் நடந்த இந்திய விழாவுக்கு அவரை அழைத்துப் போனார்கள். அங்கே அவர் காட்சிப் பொருளாக உட்கார்ந்து திரும்பிவிடவில்லை. அமெரிக்காவை அவர் பார்த்தார். கேளிக்கைத் தோட்டத்தில் மனிதர்களை ஏற்றிக்கொண்டு மேலும் கீழும் பாய்கிற அந்த ராட்சத ரயிலைத் தம்முடைய மிதிலைக் கோட்டிலேயே எழுதினார். பார்க்கப்பட வந்தவர், பார்த்தவராகத் திரும்பினார். நான் அறிந்த பிரயாண இலக்கியங்களில் அந்தச் சித்திரத்துக்கு உயர்ந்த இடம் கொடுப்பேன். பிற்பாடு புற்றுநோய் வந்து ஆஸ்பத்திரியில் பட்ட பாட்டையும் அவர் எழுதினார். 1991-ல் காலமானார்.

டில்லிக் கைவினை அருங்காட்சியகத்தில், நோயோடு நோயாக, கல்யாண அறைச் சுவர்கள் முழுவதையும் அவர் எழுதி வைத்திருந்தார். 2015-ல், கட்டடத்தைப் புதுப்பிக்கிற வேலையில் அது அழிந்துபோயிற்று என்று செய்தி வந்தது. ஆகவே, கண்காட்சியில்தான் பார்க்காத கண்கள், அருங்காட்சியகத்தில் பார்க்கிற கண்கள் என்றும் பிரித்துவிட முடியாது. கலையைக் கெடுப்பது கடைத்தெரு அல்ல. அதைக் காப்பதும் கட்டடம் அல்ல. யாராவது உற்றுப் பார்க்கிறார்களா, இல்லையா என்பதில் எல்லாம் இருக்கிறது.

இப்போது பாய் விற்ற அம்மாளுக்கு வருகிறேன்.

மேளாவில் சுற்றிச் சுற்றி ஹிந்தி கேட்டுக் காது மரத்துப்போயிருந்த சமயம். "வாங்க அண்ணாச்சி, உள்ள வாங்க" என்று சுத்தத் திருநெல்வேலிக் குரல். பத்தமடைப் பாய். ஐம்பது வயசிருக்கும் அந்த அம்மாளுக்கு, தலையில் முக்காடு. என் முகத்தைப் பார்த்தே தமிழன் என்று கண்டுகொண்டுவிட்டாள். குடிலின் முன்பக்கம் முழுவதும் மேஜை விரிப்பு, கைப்பை, கண்ணாடிக் கூடு. எல்லாம் கோரையில் செய்தவை. பின்னால் ஒரு மூலையில் சுருட்டி வைத்திருந்தது ஒரே ஒரு பாய்.

"அது என்னம்மா?"

"அதா? அது பட்டுப் பாயி, அண்ணாச்சி. சும்மா கொண்டாந்து வச்சிருக்கேன்."

விலையைச் சொன்னாள். நான் சிரித்தேன். ஊர்க்காரன் என்ற உரிமையில், அதில் பாதியைச் சொல்லி, "கொடுக்கிறதானால் கொடும்மா" என்றேன். பிரயாணம் பழகினவன், எங்கேயும் ஏமாறாதவன் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "கொறச்சிக் கேளுங்க, அண்ணாச்சி, அதிலே தப்பில்ல. வியாவாரம்னா அப்பிடித்தான். ஆனா, கையால தொட்டுக்கூடப் பாக்காம கொறச்சிக் கேக்கீகளே!" என்றாள்.

நான் இத்தனை பக்கம் எழுதியிருக்கிற குற்றச்சாட்டு முழுவதையும் அவள் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். அதுவும் என்னைப் பார்த்து.

உட்கார்ந்தேன். அவள் பாயை எடுத்து என் மடியில் விரித்தாள். பாயா அது? துணி. மடித்தால் மடிந்தது, விரித்தால் மடிப்புத் தெரியவில்லை. தாமிரபரணிப் பக்கத்துக் கோரையைத் தண்ணீரில் ஊறப் போட்டு, காய வைத்து, ஒரு கோரையை மெல்லிய இழைகளாகக் கீறிக் கீறி எடுக்கிறார்கள். பிறகு தரையோடு தரையாகக் கிடக்கிற தறியில் பாவு கட்டி, ஒவ்வோர் இழையாகக் குச்சியில் கோத்து நுழைத்து நெய்ய வேண்டும். சாதாரணப் பாய்க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், கயிற்றுக்கும் நூலுக்கும் உள்ள வித்தியாசம். ஓரத்தைத் திருப்பிக் காட்டினாள். உள்பக்கமும் வெளிப்பக்கத்தைப் போலவே இருந்தது. ஓரிடத்தில் என் விரலைப் பிடித்து வைத்து, "இங்ஙன ஒரு பிசகு இருக்கு. தெரியுதா?" என்றாள். தெரியவில்லை. "எனக்குத் தெரியும். அன்னைக்கு மவளுக்குக் காய்ச்சல்" என்றாள்.

அந்தப் பிசகை நான் பல தடவை தேடிவிட்டேன். இன்னும் அகப்படவில்லை.

"இதை ஏனம்மா பின்னால் வைத்திருக்கிறாய்? முன்னால் வைக்கக் கூடாதா?"

"முன்னாடி வச்சா வெலையைக் கேட்டுட்டு ஓடிப்போயிருதாங்க, அண்ணாச்சி. இந்தப் பை வாங்குற காசுலதான் இத நெய்ய முடியுது. இது நிக்கக் கூடாதுன்னு அத விக்கேன்."

கைப்பையை அதுவரை நான் கலையின் வீழ்ச்சி என்று நினைத்திருந்தேன். அவளோ கைப்பையை விற்றுப் பாயைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். தொடர்கதை எழுதிச் சாப்பிட்டுக்கொண்டே தாங்கள் எழுத விரும்பிய ஒரு நாவலை ராத்திரி வேளைகளில் எழுதின தமிழ் எழுத்தாளர்கள் உண்டு. அவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். ஆனால் இந்தக் கணக்கில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பையை வாங்குகிறவர்கள் பையோடு நின்றுவிட்டால், அவளுடைய மகள் பை செய்யத்தான் கற்றுக்கொள்வாள். ஒரு கோரையை அத்தனை மெல்லிசாகக் கீறுகிற விரல் அந்தத் தலைமுறையோடு போய்விடும். அது போன பிறகு எத்தனை மேளா நடத்தினாலும், எத்தனை தோரண வாயில் கட்டினாலும் திரும்பி வராது.

ஆகையால் கண்காட்சிகளை நிறுத்திவிட வேண்டுமென்று நான் சொல்லவில்லை. அவை இல்லாவிட்டால் பத்தமடை அம்மாள் ஹரியானாவில் உட்கார்ந்து எனக்குப் பாடம் சொல்லியிருக்க முடியாது. நடத்துகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது சொற்பம்: செய்தவர் பெயரை எழுதி வையுங்கள், குயவர் வனைகிற பானையைச் சுடவும் வழி செய்யுங்கள், கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். போகிறவர்களுக்குத்தான் அதிகம் சொல்ல வேண்டும். ஒரே நாளில் முந்நூறு குடில்களைப் பார்க்காதீர்கள், மூன்றைப் பாருங்கள். கேட்டுவிட்டுத் தொட்டுப் பாருங்கள். அச்சுத் துணியானால் அச்சும் அச்சும் சேருகிற இடத்தைத் தேடுங்கள். கையால் ஒற்றினதில் எங்கேயாவது ஒரு மயிரிழை விலகியிருக்கும்; எங்கும் பிசகே இல்லாவிட்டால் அது கைவேலைதானா என்று சந்தேகப்படுங்கள். திருப்பி உள்பக்கம் பாருங்கள். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். ஏன் என்றும் சொல்லுங்கள். தொழில் தெரிந்தவர்கள் அதற்காக வருத்தப்படமாட்டார்கள். "எவ்வளவு அழகு" என்று சொல்லிவிட்டு அடுத்த குடிலுக்குப் போகிறவர்களைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை, தமிழ் தெரிந்தவளாக இருந்ததால், ஒருத்தி எனக்குச் சொன்னாள். மற்றவர்கள் அவரவர் பாஷையில் நினைத்துக்கொள்கிறார்கள்.

பாயை, அவள் சொன்ன விலைக்கே வாங்கினேன். இதைத் தர்மமாகச் சொல்லவில்லை. தொட்டுப் பார்த்த பிறகு அந்த விலை அதிகமாகத் தோன்றவில்லை, அவ்வளவுதான். வீட்டில் அதைச் சுவரில் மாட்ட வேண்டுமென்று ஒரு நண்பர் சொன்னார். நான் மாட்டவில்லை. விரித்துப் படுத்துக்கொள்கிறேன். கோடையில் முதுகுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது.